ஒரே கரு, இரு மனம்: குழந்தைகளின் உணர்வு வளர்ச்சி பற்றி இரட்டையர் ஆய்வுகள் சொல்வது என்ன?

“தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை” என்று சொல்லும் அதே வாய், அந்தப் பிள்ளை கெட்டுப்போனால் “வளர்த்த லட்சணம் அப்படி” என்றும் சொல்லும். எடுத்ததற்கெல்லாம் பயந்து அழும் குழந்தையைப் பார்த்து “அப்படியே அப்பத்தா சுபாவம்” என்பார்கள். வகுப்பில் ஒருவனை அடித்துவிட்டு வந்தால் “வீட்டில் கொடுக்கிற செல்லம்” என்பார்கள். ரத்தமா, வளர்ப்பா என்ற இரண்டு விளக்கமும் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கின்றன. எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்வது என்பதைப் பெரும்பாலும் சொல்பவரின் வசதிதான் தீர்மானிக்கிறது.

சாதாரணக் குடும்பங்களை மட்டும் பார்த்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. பதற்றக்காரத் தாய்க்குப் பயந்த சுபாவமுள்ள மகன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு மரபணுவைக் கொடுத்தவரும் தாய்தான். தெருவில் நாய் வந்தால் அவன் கையை இறுகப் பற்றி இழுத்து, பயப்படக் கற்றுக்கொடுத்தவரும் தாய்தான். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வருவதால் எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. அந்தப் பிரிவை இயற்கையே செய்து காட்டும் இடம் ஒன்று உண்டு. அதுதான் இரட்டைப் பிள்ளைகள்.

நூற்றைம்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் இரட்டையரை நாடுவது இதனால்தான். இந்த ஆய்வுகளுக்கு ‘மரபணுக் கட்சி’ என்றொரு பெயர் உண்டு; எல்லாம் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று நிறுவ வந்தவை எனப் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயருக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் குழந்தைகளின் மனநலத்தைப் பொறுத்தவரை, கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. பெரியவர்கள் பிள்ளைகளை நடத்தும் விதம் மனத்தைப் பாதிக்கிறது என்பதற்கு நம்மிடம் உள்ள வலுவான சாட்சிகளில் ஒன்று இரட்டையர் ஆய்வுதான். வீண்பழி சுமந்த தாய்மாரை விடுவித்ததும் அதுவே.

கறை படிந்த தொடக்கம்

இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1875இல் இரட்டையரின் வாழ்க்கை வரலாறுகளைத் திரட்டி, பிறவிக் குணத்தையும் வளர்ப்பையும் பிரித்தறிய அவை உதவும் என்று எழுதினார். ஒரே கருமுட்டை பிளந்து உருவாகும் இரட்டையருக்கும் இரண்டு முட்டைகளிலிருந்து உருவாகும் இரட்டையருக்கும் உள்ள உயிரியல் வேறுபாடு அன்று தெளிவாகவில்லை. இருவகையினரையும் ஒப்பிடும் முறை ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துத்தான் உருப்பெற்றது. 1924இல் ஜெர்மனியின் தோல் மருத்துவர் ஹெர்மன் சீமென்ஸ், இரட்டையரின் உடலில் உள்ள மச்சங்களை எண்ணி ஒப்பிட்டார். ஒருகரு இரட்டையரின் மச்சக் கணக்கு இருகரு இரட்டையரைவிட நெருங்கி வந்தது. இன்றைய ஆய்வுகளின் வித்து அந்த எளிய எண்ணிக்கையில் இருக்கிறது.

அடுத்து வந்தது இருண்ட காலம். ‘நல்ல வித்து, கெட்ட வித்து’ என்று மனிதரைப் பிரிக்கும் இனமேம்பாட்டுக் கொள்கைக்குப் பெயர் சூட்டியவரே கால்டன்தான். அந்தக் கொள்கையை அரசின் கொள்கையாக்கிய நாஜிகளின் காலத்தில், ஆஷ்விட்ஸ் முகாமில் யோசப் மெங்கலே இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் பிரித்தெடுத்துக் கொடூரச் சோதனைகளுக்கு ஆளாக்கினார். போருக்குப் பிறகும் பாடம் முழுதாகக் கற்கப்படவில்லை. 1960களில் நியூயார்க்கில், தத்துக் கொடுக்கப்பட்ட இரட்டையரையும் ஒரே பிரசவத்தில் பிறந்த மூவரையும் வெவ்வேறு வீடுகளில் வளரவிட்டு, மனநல மருத்துவர் பீட்டர் நியூபவர் குழுவினர் ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். வளர்த்த பெற்றோருக்கு இன்னொரு பிள்ளை இருப்பதே தெரியாது. அந்த மூவரும் 1980இல் தற்செயலாகச் சந்தித்த கதை 2018இல் ஆவணப்படமானது. ஆய்வின் ஆவணங்கள் யேல் பல்கலைக்கழகத்தில் 2065 வரை பூட்டப்பட்டிருக்கின்றன.

இன்றைய ஆய்வுகள் வேறு அடித்தளத்தில் நிற்கின்றன: பெற்றோரின் சம்மதம், பிறப்புப் பதிவேடு, நீண்டகாலத் தொடர்பு. நெதர்லாந்தில் டோரெட் பூம்ஸ்மா 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய பதிவேடு, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 8 முதல் 16 வயது வரையுள்ள 1,412 இரட்டையர் இணைகளைக் கொண்ட ஆய்வு, கொலராடோவில் 14 மாதக் குழந்தைகளிடமிருந்தே தொடங்கிய ஆய்வு, ஸ்வீடனின் பதிவேடுகள் ஆகியவை முக்கியமானவை. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மட்டும் இரண்டு. 1994 முதல் 1996 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த இரட்டையரை வைத்து ராபர்ட் ப்ளோமின் தொடங்கிய ‘டெட்ஸ்’ ஒன்று. டெர்ரி மொஃபிட்டும் அவ்ஷலோம் காஸ்பியும் 1,116 குடும்பங்களின் 2,232 குழந்தைகளை 5, 7, 10, 12, 18 வயதுகளில் வீடுதேடிப் போய்ப் பார்த்த ‘இ-ரிஸ்க்’ இன்னொன்று.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

ஒருகரு இரட்டையருக்கு மரபணு முழுதும் பொது. இருகரு இரட்டையர் மரபணுவில் சாதாரண அண்ணன் தம்பி போலத்தான். மனிதருக்கு மனிதர் மாறும் மரபணுக்களில் சராசரியாகப் பாதி பொதுவாக இருக்கும். இரு வகையினரும் ஒரே நாளில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்கிறார்கள். எனவே ஒரு குணத்தில் ஒருகரு இணைகளின் ஒற்றுமை இருகரு இணைகளைவிடக் கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதலுக்கு மரபணு காரணம் என்பது வாதம்.

ஓர் எடுத்துக்காட்டு. பயந்த சுபாவத்தை அளக்கிறோம். ஒருகரு இணைகளின் ஒற்றுமை 0.60, இருகரு இணைகளுடையது 0.40 என்று வருகிறது. வித்தியாசம் 0.20, அதை இரட்டிப்பாக்கினால் 0.40. அதாவது மரபுப் பங்கு 40 விழுக்காடு. ஒருகரு ஒற்றுமையான 60இல் மரபணுவின் 40 போக மீதி 20 என்பது இருவரையும் ஒரே மாதிரி ஆக்கிய வீட்டின் பங்கு. இதைப் ‘பொதுச் சூழல்’ என்கிறார்கள். ஒரே மரபணு, ஒரே வீடு இருந்தும் ஒருகரு இரட்டையர் வேறுபடும் எஞ்சிய 40 ‘தனிச் சூழல்’. ஒருவனுக்கு மட்டும் வந்த காய்ச்சல், ஒருத்திக்கு மட்டும் வாய்த்த ஆசிரியை, அளவெடுப்பதில் நேர்ந்த பிழை எல்லாம் இதில் அடங்கும்.

எந்த இணை எந்த வகை என்று அறிய இன்று டி.என்.ஏ. சோதனை உண்டு. அது மலிவாவதற்கு முன்பு பெற்றோரிடம் சில கேள்விகள் கேட்டார்கள்: தெரிந்தவர்களே ஆள் மாற்றிக் கூப்பிடுவதுண்டா, புகைப்படத்தில் நீங்களே தடுமாறுவீர்களா, கண்ணின் நிறத்தில் வேறுபாடு உண்டா? இந்தக் கேள்விகள் ஏறக்குறைய 95 விழுக்காடு சரியான விடையைத் தந்துவிடுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. மரபுப் பங்கு 40 விழுக்காடு என்றால், உங்கள் மகளின் பயத்தில் நாற்பது பங்கு மரபணு என்று பொருள் கொள்ளக் கூடாது. ஒரு கூட்டத்தில் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாட்டை விளக்கும் எண் அது. கூட்டம் மாறினால் எண்ணும் மாறும். ஒரு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவு சத்துணவு கிடைத்தால், அவர்களின் உயர வேறுபாட்டுக்கு மிச்சமிருக்கும் காரணம் பெரும்பாலும் மரபணுதான். மரபுப் பங்கு ஏறிவிடும். சத்துணவு பயனற்றது என்று அதற்கு அர்த்தமா? சத்துணவு எல்லோரையும் சென்றடைந்தது என்பதே அர்த்தம்.

தொட்டிலிலிருந்து பதின்வயது வரை

கொலராடோ ஆய்வில் ஒரு காட்சி. தரையில் குழந்தை விளையாடுகிறது. அருகில் இருக்கும் தாய் அடிபட்டுவிட்டதாக நடித்து வலியில் முனகுகிறார். 14 மாதக் குழந்தை என்ன செய்கிறது? ஒன்று திரும்பிப் பார்த்துவிட்டு விளையாட்டைத் தொடரும். ஒன்று முகம் சுருங்கி அருகில் வந்து தடவும். ஒன்று தானே அழத் தொடங்கும். பிறர் வலிக்கு இரங்கும் அந்த அசைவை மதிப்பெண் இட்டுப் பார்த்தபோது, 14, 20 மாதங்களில் மரபணுவின் பங்கு சிறிய அளவில் தெரிந்தது. புதிய ஆளைக் கண்டால் ஒடுங்கும் கூச்சத்திலும் அது தெரிந்தது. குணத்தின் சாயல் பேச்சு வருமுன்பே தலைகாட்டுகிறது என்பதைப் பல பிள்ளை பெற்ற தாய் முன்பே அறிவார். ஆய்வு அதை எண்ணால் சொன்னது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. தாய் விலகும்போதும் திரும்பி வரும்போதும் குழந்தை காட்டும் நம்பிக்கையை ‘பாதுகாப்பான பிணைப்பு’ என்கிறார்கள். லைடனிலும் லண்டனிலும் கைக்குழந்தை இரட்டையரிடம் இதை ஆராய்ந்து 2003இல் வெளியான முடிவில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. வேறுபாட்டில் சுமார் பாதி பொதுச் சூழலுக்குப் போயிற்று. மிகச் சின்னக் குழந்தையின் நம்பிக்கையை வீடுதான் கட்டுகிறது. சுவையான திருப்பம் பின்னால் வருகிறது. டெட்ஸ் இரட்டையரில் ஒரு பகுதியினரிடம் 15 வயதில் பிணைப்பை அளந்தபோது மரபுப் பங்கு 40 விழுக்காட்டை ஒட்டி வந்தது. கைக்குழந்தை கிடைத்ததை வாங்கிக்கொள்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை தன் சுபாவத்துக்கேற்ப உறவை அமைத்துக்கொள்கிறது என்று இதைப் படிக்கலாம்.

பதற்றமும் மனச்சோர்வும் இதே போக்கில்தான் போகின்றன. சிறுவயதில் பொதுச் சூழலின் கை ஓரளவு தெரிகிறது. பதின்வயதில் அது மங்கி, மரபணுவும் தனிச் சூழலும் மேலோங்குகின்றன. அதற்காக எட்டு வயதில் இயங்கும் மரபணுக்களே இருபது வரை ஆட்சி செய்வதாக எண்ண வேண்டாம். ஸ்வீடன் இரட்டையரை 8–9 வயதிலிருந்து 19–20 வயது வரை நான்கு கட்டங்களில் பின்தொடர்ந்த கென்னத் கெண்ட்லர் குழு, பழைய மரபணுத் தாக்கங்கள் வலுவிழப்பதையும் ஒவ்வொரு கட்டத்திலும் புதியவை நுழைவதையும் 2008இல் காட்டியது. பயந்தாங்கொள்ளியாக இருந்த சிறுவன் துணிந்த இளைஞனாவதற்கும், கலகலப்பான சிறுமி பதினான்கில் ஒடுங்கிப்போவதற்கும் மரபணுவிலேயே இடமிருக்கிறது.

இன்னொரு செய்தி மருத்துவர்களுக்கு உதவியது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் அடியிலுள்ள மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றே. எந்த நோயாக வெளிப்படும் என்பதில் சூழலுக்குக் கை இருக்கிறது. தாலியா ஈலி, ஜிம் ஸ்டீவன்சன் ஆகியோர் 8 முதல் 16 வயது இரட்டையரிடம் பார்த்ததில், இழப்பு சார்ந்த நிகழ்வுகள் மனச்சோர்வோடும் அச்சுறுத்தல் சார்ந்த நிகழ்வுகள் பதற்றத்தோடும் இணைந்திருந்தன. நிலம் ஒன்று, விழுந்த விதை வேறு.

தாய்மாரின் விடுதலை

1960களில் ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் பாசக்குறைவு என்று மனநல உலகம் நம்பியது. ‘குளிர்பெட்டித் தாய்’ என்று அவர்களுக்குப் பட்டமே இருந்தது. புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அந்த நம்பிக்கையை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. பிள்ளை தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்ற துக்கத்தோடு, அதற்குக் காரணமே நீதான் என்ற குற்றச்சாட்டையும் தாய்மார் சுமந்தார்கள்.

1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டன் முழுதும் தேடி 21 இரட்டையர் இணைகளைக் கண்டுபிடித்தனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்காவது ஆட்டிசம். ஒருகரு இணைகள் 11. அவற்றில் 4இல் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு இணைகள் 10. ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளையின் ஒருகரு இணையிடம் மொழி, அறிவு வளர்ச்சிச் சிக்கல்களும் கூடுதலாகத் தெரிந்தன. வெறும் 21 இணைகள்தான். ஆனாலும் தாயின் பாசக்குறைவே காரணமென்றால் இருகரு இணைகளிலும் இரு பிள்ளைகளும் அடிபட்டிருக்க வேண்டும். பின்னர் வந்த பெரிய ஆய்வுகளின் தொகுப்பு ஆட்டிசத்தின் மரபுப் பங்கை 64 முதல் 91 விழுக்காடு வரை வைக்கிறது. கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி.க்கு அது சுமார் 74. “கண்டித்து வளர்க்கவில்லை” என்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோரைப் பார்த்துச் சொல்பவர்கள் இந்த எண்களை அறிந்திருப்பது நல்லது.

முரட்டுத்தனத்திலும் ஒரு வேறுபாடு வெளிப்பட்டது. எஸ்ஸி விடிங் குழு 7 வயது டெட்ஸ் இரட்டையரிடம், அடாவடியோடு குற்றவுணர்வோ இரக்கமோ இல்லாத பிள்ளைகளைத் தனியாகப் பிரித்தது. அவர்களின் அடாவடியில் மரபுப் பங்கு 81 விழுக்காடு. இரக்கம் உள்ள அடாவடிப் பிள்ளைகளிடம் அது 30தான். வெளியே ஒரே மாதிரி தெரியும் இரு முரடர்களுக்கு உள்ளே காரணம் வேறு. சிகிச்சையும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடப் பேச்சு

இரட்டையர் ஆய்வின் கூரிய கத்தி வேறோரிடத்தில் இருக்கிறது. ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு நேர்ந்தது மற்றவருக்கு நேராத சந்தர்ப்பங்கள் அவை. மரபணு ஒன்று, வயது ஒன்று, வீடு ஒன்று, தாய் தந்தை ஒன்று. அதன் பிறகும் இருவரின் மனநிலை பிரிந்தால், அந்த ஒற்றை அனுபவத்தின் மேல் நியாயமாகச் சந்தேகம் விழும்.

இ-ரிஸ்க் ஆய்வாளர்கள் ஐந்து வயதுப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போனார்கள். ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, தாயிடம் ஒன்றுதான் கேட்டார்கள்: இந்தப் பிள்ளையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். பிறகு மற்றப் பிள்ளையைப் பற்றியும் அதேபோல. சொல்லும் செய்தியோடு குரலின் இளக்கம், சலிப்பு, பெருமை, எரிச்சல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இடப்பட்டது. உருவத்தில் பிரித்தறிய முடியாத இரு பிள்ளைகளைப் பற்றிப் பேசும் ஒரே தாயின் குரல் பல வீடுகளில் ஒன்றாக இல்லை. யாரைப் பற்றிப் பேசும்போது கசப்பு கூடி இதம் குறைந்ததோ, அந்தப் பிள்ளையிடமே பின்னர் அடாவடித்தனம் கூடுதலாக இருந்தது. பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டபோதும் இதே பதில்தான். பிள்ளையின் முந்தைய நடத்தையைக் கணக்கில் கழித்த பிறகும் முடிவு நின்றது. 2004இல் வெளியான இந்த ஆய்வில் மரபணு என்ற சாக்குக்கு இடமில்லை.

அடுத்தது பள்ளிக்கூடத்துச் சீண்டல். லூயிஸ் ஆர்செனோ 2008இல் காட்டியபடி, ஒருகரு இரட்டையரில் சக மாணவர்களின் கேலிக்கும் அடிக்கும் ஆளான பிள்ளையிடம், ஆளாகாத இணையைவிட அழுகை, ஒதுங்கல், கவலை கூடுதலாக இருந்தன. சில ஆண்டுகளில் இது உடலுக்குள்ளேயே அளக்கப்பட்டது. ஒருவர் மட்டும் சீண்டலுக்கு ஆளான 30 ஒருகரு இணைகளை 12 வயதில் அழைத்து, நெருக்கடி தரும் மனக்கணக்குகளைக் கொடுத்து, உமிழ்நீரில் கார்டிசால் என்ற சுரப்பைப் பார்த்தார்கள். சீண்டப்படாத பிள்ளைக்கு நெருக்கடியில் அது வழக்கம்போல் உயர்ந்தது. சீண்டப்பட்ட பிள்ளைக்கு உயரவில்லை. எச்சரிக்கை மணி அடித்து அடித்து நாக்குத் தேய்ந்துவிட்டது போல. இ-ரிஸ்க் பிள்ளைகளிடம் ஆறுதலான செய்தியும் உண்டு. தாயின் இதமும் உடன்பிறப்பின் அன்பும் அமைதியான வீடும் வாய்த்த பிள்ளைகள் சீண்டலுக்குப் பிறகும் நிலைகுலையாமல் இருந்தார்கள்.

இரண்டும் பின்னும் இடம்

ரத்தமும் வளர்ப்பும் தனித்தனி வாய்க்கால்களில் ஓடுவதில்லை. எரிச்சல் சுபாவமுள்ள பிள்ளை பெற்றோரின் எரிச்சலையும் கிளறுகிறது. சாரா ஜாஃபி குழு இதை ஒரு கூரிய கேள்வியாக்கியது: அடி வாங்குவதற்குப் பிள்ளையின் சுபாவம் காரணமா? அவ்வப்போது விழும் சாதாரண அடியில் பிள்ளையின் மரபணுவுக்கு ஓரளவு பங்கு தெரிந்தது. உடம்பில் காயம் உண்டாக்கும் கொடுமையில் அந்தப் பங்கு பொருட்படுத்தும்படி இல்லை. பொறுமையைச் சோதிக்கும் பிள்ளைகள் இருக்கலாம். கை ஓங்கிக் காயப்படுத்துவது பெரியவரின் கணக்கில் மட்டுமே சேர்கிறது.

அதே குழு 2005இல் இன்னொன்றைச் சொன்னது. நடத்தைக் கோளாறுக்கான மரபு அபாயம் குறைந்த பிள்ளை கொடுமைக்கு ஆளானால், கோளாறு தோன்றும் வாய்ப்பு 2 விழுக்காடு கூடியது. அபாயம் மிகுந்த பிள்ளைக்கு 24 விழுக்காடு. எந்தப் பிள்ளைக்கு மென்மையான கை அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் அடியால் அதிகம் கெடுகிறது. சூழலின் தாக்கத்தை உள்வாங்கும் கூர்மையிலேயே பிள்ளைகள் வேறுபடுகிறார்கள். பதின்வயது டெட்ஸ் இரட்டையரிடம் இந்தக் கூர்மையின் மரபுப் பங்கு 47 விழுக்காடு என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் பார்த்த பதற்றக்காரத் தாயின் மகனுக்கு வருவோம். இரட்டையரின் பிள்ளைகளை ஆராய்ந்தால் அந்த முடிச்சு அவிழும். அம்மாவும் சித்தியும் ஒருகரு இரட்டையர் என்றால், பிள்ளை மரபணுவில் இருவருக்கும் சம தூரம்; வளர்ப்பவர் ஒருவர் மட்டுமே. ஸ்வீடன் குடும்பங்களில் தாலியா ஈலி 2015இல் செய்த ஆய்வின்படி, பெற்றோரின் பதற்றம் பதின்வயதுப் பிள்ளைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் கூட வாழ்வதன் வழியாகவே. பெற்றோரின் பதற்றத்துக்குச் சிகிச்சை தருவது பிள்ளைக்குத் தரும் சிகிச்சையும் ஆகலாம்.

ஆட்சேபங்கள்

பழமையான ஆட்சேபம் இது: ஒருகரு இரட்டையருக்கு ஒரே சட்டை, ஒரே பின்னல், ஒரே நண்பர் கூட்டம், அவர்களின் ஒற்றுமை அதனால் வந்ததாக ஏன் இருக்கக் கூடாது? இதைச் சோதிக்க ஒரு வழி கிடைத்தது. எத்தனையோ பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் வகையைத் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வீடுகளில் பிள்ளைகளின் ஒற்றுமை பெற்றோரின் நம்பிக்கையைத் தொடரவில்லை. உண்மையான வகையையே தொடர்ந்தது. ஆட்சேபம் இதனால் முழுதும் அடங்கிவிடவில்லை, ஆனால் பலம் குறைந்தது. பெற்றோரின் கண்ணும் ஒரு சிக்கல். “இவன் அமைதி, அவன் வாலு” என்று ஒருவனை வைத்து மற்றவனை அளக்கும் பழக்கம் இருகரு இரட்டையரின் வேறுபாட்டை ஊதிக் காட்டும். நல்ல ஆய்வுகள் ஆசிரியரையும் பிள்ளையையும் சேர்த்துக் கேட்பது இதனால்தான்.

புதிய ஆட்சேபம் டி.என்.ஏ.விலிருந்தே வந்திருக்கிறது. 2003இல் ஒரு செரட்டோனின் மரபணு மனச்சோர்வுக்குக் கதவு திறப்பதாக வந்த முடிவு பெரும் புகழ் பெற்றது. 2019இல் பல லட்சம் பேரின் தரவில் 18 பிரபல மரபணுக்களைச் சோதித்தபோது ஒன்றும் தேறவில்லை. டெட்ஸ் பிள்ளைகளிடமே நேரடி டி.என்.ஏ. கணிப்பு முறையில் 2013இல் பார்த்தபோது, இரட்டையர் கணக்கில் தெரிந்த நடத்தைச் சிக்கல்களின் மரபுப் பங்கு ஏறக்குறையக் காணாமல் போயிற்று. மிக நுண்ணிய தாக்கமுள்ள ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து இயங்குவது ஒரு காரணமாகலாம். இரட்டையர் கணக்கு சற்று மிகையாக இருப்பதும் ஒரு காரணமாகலாம். அரை நூற்றாண்டு ஆய்வுகளைத் திரட்டி, ஒரு கோடியே நாற்பத்தைந்து லட்சம் இணைகளின் கணக்கைப் பார்த்த 2015ஆம் ஆண்டுத் தொகுப்பு எல்லாக் குணங்களுக்கும் சேர்த்துச் சராசரி மரபுப் பங்கை 49 விழுக்காடு என்றது. இரட்டையர் ஆய்வு தரும் இத்தகைய எண்களை உச்சவரம்பு போலக் கையாள்வது நல்லது.

மூன்றாவது குறை நமக்கு நெருக்கமானது. மேலே சொன்ன பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் பணக்கார நாடுகளின் பிள்ளைகள். நம் பக்கத்தில் குறிப்பிடத்தக்க முயற்சி இலங்கையுடையது. அதுல சுமதிபால முன்னின்று உருவாக்கிய இலங்கை இரட்டையர் பதிவேடும், அதன் துணையோடு கொழும்பு மாவட்டத்தில் நடந்த ஆய்வும் உலகக் கவனம் பெற்றன. அங்கே பெண்களின் மனச்சோர்வில் மரபுப் பங்கு தெளிவாகத் தெரிந்தது. ஆண்களிடம் சூழலே மேலோங்கியது. ஆனால் அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் வளர்ந்தவர்கள். தாத்தா பாட்டியும் அத்தையும் சேர்ந்து வளர்க்கும் வீட்டில், டியூஷனும் தேர்வும் அழுத்தும் பள்ளியில், தெற்காசியப் பிள்ளையின் ‘பொதுச் சூழல்’ என்னவாக இருக்கிறது என்பதற்கு இங்கிலாந்தின் எண்ணை இரவல் வாங்க முடியாது.

தீர்ப்பு

மூன்று விஷயங்களை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். குழந்தைகளின் உணர்வு வேறுபாடுகளில் மரபணுவுக்குக் கணிசமான பங்கு உண்டு. எனவே அஞ்சும் பிள்ளைக்கும் துடிக்கும் பிள்ளைக்கும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். அந்தப் பங்கு விதி அல்ல. வயதுக்கு வயது, கூட்டத்துக்குக் கூட்டம் மாறுவது. ஒரே வீட்டில் ஒரே மரபணுவோடு வளரும் இருவர்கூட வெவ்வேறு பிள்ளைப்பருவத்தை வாழ்கிறார்கள். அந்த வேறுபாட்டில் பெரியவர்களின் குரலும் கையும் பள்ளியின் கண்காணிப்பும் அளக்கக்கூடிய அளவில் இருக்கின்றன.

மூன்றாவதை நாம் இன்றே செயலாக்க முடியும். பள்ளியில் சீண்டலை “பிள்ளைகள் விளையாட்டு” என்று ஒதுக்காமல் இருப்பதற்கும், வீட்டில் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசும்போது மட்டும் நம் குரல் கசக்கிறதா என்று கவனிப்பதற்கும் மரபணுச் சோதனை எதுவும் தேவையில்லை.

1990களின் நடுவில் பிறந்த அந்த டெட்ஸ் இரட்டையருக்கு இப்போது முப்பது வயது ஆகிவிட்டது. அவர்களில் பலர் தாய் தந்தையராகி வருகிறார்கள். டெட்ஸ் ஆய்வாளர்கள் இப்போது அவர்களின் கைக்குழந்தைகளைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.